சிறிய தேர்களின் ஜீர்ணோத்தாரணம்

ஒரு முழத்துக்கும் குறைவான நீளமும், மேலே பளபளப்பான வர்ணமும், பின்புறத்தில் சிறகைப் போன்ற ஒரு தகடும் உடைய பழைய ரேடியோப் பந்தயக் கார் ஒன்றை அந்த வித்தையில் தேர்ந்தவர் கையில் கொடுத்தால், அவர் அதன் வர்ணத்தையோ வடிவத்தையோ நின்று ரசிப்பதில்லை. பழைய பாத்திரக் கடையில் பித்தளைச் செம்பு வாங்குகிறவள் அதைத் திருப்பி, யார் வீட்டுச் சீர், எந்தப் பெயர் வெட்டியிருக்கிறது என்று பார்ப்பதைப் போல, அவரும் முதற்காரியமாக அந்தக் காரைக் கவிழ்த்து அதன் வயிற்றைப் பார்க்கிறார். மேல்மூடியை யாரும் எந்த வண்டிக்கும் மாட்டிவிடலாம். பந்தயத்தில் முதலில் உடைவதும் அதுவே, முதலில் மாற்றப்படுவதும் அதுவே. சேஸிஸ் என்று சொல்லப்படும் அடித்தளம் மட்டும், தான் பிறந்த ஊரையும், ஓடிய தரைகளையும், தன்னைக் கையாண்ட பையனின் சுபாவத்தையும், கீறல்களும் துளைகளும் தேய்மானங்களுமாகத் தன்மேல் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது. இந்த எழுத்தை வாசிக்கும் கலையையும், வாசித்த பிறகு அதை அழித்துவிடாமல் வண்டியை மறுபடி ஓடச் செய்யும் கலையையும் பற்றியே இந்த வாரம் சொல்ல உத்தேசம்.

இவை விளையாட்டுச் சாமான்கள்தாமே, இவற்றுக்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைத்தெருவில் முழுதாகச் செய்து விற்கும் ரிமோட் பொம்மை வேறு, இது வேறு. இந்த ஜாதி வண்டிகள் பெரும்பாலும் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கான உறுப்புகளாகவே வந்தன; வாங்கியவனே கியர்களைக் கோத்து, ஷாக் அப்சார்பருக்கு எண்ணெய் ஊற்றி, மேல்மூடிக்கு வர்ணம் பூசி, மோட்டாரையும் ரேடியோவையும் பொருத்தி அதற்கு உயிர் கொடுக்கவேண்டும். ஆகையால் ஒரே பெட்டியிலிருந்து பிறந்த இரண்டு கார்கள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை.

இவற்றின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1966-இல் இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியா நகரத்திலிருந்த எலெட்ரோனிகா ஜியோகாட்டோலி என்னும் நிறுவனம், ஃபெராரி 250 எல்.எம். என்ற காரைப் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறுக்கி, ரேடியோவால் இயங்கும்படி செய்து விற்பனைக்குக் கொண்டுவந்தது. மறு வருஷமே அமெரிக்காவில் இத்தகைய பந்தயங்களுக்கு விதிகள் வகுக்கும் ‘ரோர்’ என்ற சங்கம் தோன்றிவிட்டது. எனினும் நடுத்தரக் குடும்பத்துப் பையன்களின் கைக்கு இந்த வித்தை எட்டியதற்கு ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனமே முக்கிய காரணம். மர வியாபாரத்தில் தொடங்கி, மரத்தால் மாதிரி உருவங்கள் செய்து, பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறிய அந்த நிறுவனத்தை நடத்திவந்த ஷுன்சாகு டாமியா, போர்ஷே காரின் மாதிரியைச் செவ்வனே செய்யவேண்டும் என்பதற்காக அசல் போர்ஷே ஒன்றையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்தார் என்பது பிரசித்தம். அந்த ஆராய்ச்சியின் பயனாக அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்கென்று உருவான போர்ஷே 934 மாதிரிக்கு, மோட்டாரும் ரேடியோவும் வைத்து 1976-இல் வெளியிட்டபோது, அதன் பெட்டியில் 58001 என்ற எண் அச்சிடப்பட்டிருந்தது. அன்றுமுதல் இன்றுவரை டாமியாவின் ரேடியோக் கார்களில் பெரும்பாலானவை அந்த 58 என்ற தலைப்போடுதான் எண்ணிடப்பட்டு வருகின்றன. சேகரிப்பாளர்களுக்கு இந்த எண் கோத்திரம் சொல்லுவது போன்றது.

தார்த்தரையில் ஓடிய இந்த வண்டிகள் மண்ணுக்கு இறங்கியது 1979-இல். மெக்ஸிகோவின் பாஹா பாலைவனத்தில் 1967-முதல் நடந்துவந்த நெடும்பந்தயத்தில் உடற்பகுதி வெட்டிக் குறைக்கப்பட்ட ஃபோக்ஸ்வாகன் வண்டுக் கார்கள் ஓடியதைப் பின்பற்றி, 58015 என்ற எண்ணுடைய ரஃப் ரைடரையும், 58016 என்ற எண்ணுடைய ஸாண்ட் ஸ்கார்ச்சரையும் டாமியா வெளியிட்டது. இவ்விரண்டும் ஒரே அடித்தளத்தின் மேல் எழுந்தவை. கண்ணாடியிழை சேர்ந்த தட்டையான பலகை, அசல் வண்டுக் காரின் முன்னச்சை அப்படியே பிரதிபிம்பித்த வார்ப்பு அலுமினிய உறுப்புகள், மணலும் நீரும் புகாதபடி ரேடியோச் சாமான்களை மூடிவைக்கும் கண்ணாடி போன்ற பெட்டி எல்லாம் சேர்ந்து, கையில் எடுத்தவர்களுக்கு ஒரு சிறிய நிஜ வண்டியைத் தூக்கிய உணர்ச்சியைத் தந்தன. இன்று பரணிலிருந்து கிடைக்கும் ஒரு ஸாண்ட் ஸ்கார்ச்சரின் அடியில் அந்தப் பலகை ஓரம் பிரிந்து நார் நாராக நிற்பதைப் பார்க்கும்போது, பாஹாவை ஒருபோதும் பார்த்திராத ஏதோ ஒரு நகரத்தின் புறக்கடையில் எத்தனை மதில்மேலிருந்து அது குதித்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

வம்சம் அறிதல்

நம் தர்க்க சாஸ்திரம் அறிவுக்குக் காரணங்களாகச் சொல்லும் பிரத்தியட்சம், அனுமானம், சப்தம் முதலியவற்றில், பழைய கார்களைப் பொறுத்தவரை சப்தப் பிரமாணத்தை, அதாவது விற்கிறவருடைய வார்த்தையை, கடைசியில் வைப்பது நலம். “என் அண்ணன் 1984-இல் வாங்கியது” என்று மனப்பூர்வமாக நம்பிச் சொல்லுகிறவர்கள் உண்டு. அண்ணன் வாங்கியது வேறு வண்டியாயிருக்கும், அல்லது வாங்கியது அதுவேயானாலும் இப்போது எஞ்சியிருப்பது அதன் முன்பாதி மட்டும் என்பதாயிருக்கும்.

பிரத்தியட்சத்தில், அதாவது கண்ணால் காண்பதில், முதலாவது திருகாணி. ஜப்பானிய வண்டிகளின் திருகுகள் மில்லிமீட்டர் கணக்கிலும், அமெரிக்க வண்டிகளின் திருகுகள் அங்குலக் கணக்கிலும் அமைந்தவை. டாமியாவின் அக்கால வண்டிகளில் திருகின் தலையில் சிலுவைக் குறி இருக்கும். கலிபோர்னியாவில் செய்த அஸோஸியேட்டட் வண்டியில் அறுகோணப் பள்ளம் இருக்கும், அதற்குச் செல்லும் சாவியும் அங்குல அளவினது. மூன்று மில்லிமீட்டர்த் திருகு அமெரிக்க வண்டி ஒன்றில் துருத்திக்கொண்டு நின்றால், இடையில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தீர்மானித்துவிடலாம். உ. வே. சாமிநாதையர் காலத்துப் பதிப்பாசிரியர்கள் ஏட்டுச் சுவடியில் கண்டு பிடித்த இடைச்செருகலுக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. சிலுவைத் தலையிலும் ஜப்பானியச் சிலுவை வேறு, ஐரோப்பிய அமெரிக்க பிலிப்ஸ் சிலுவை வேறு. பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் இவ்விரண்டின் பள்ளமும் கோணமும் மாறுபட்டவை. இதை அறியாமல் கையிலிருந்த பிலிப்ஸ் ஸ்குரூ டிரைவரைக் கொண்டு நாற்பது வருஷத்துத் துருவை எதிர்த்து அழுத்தித் திருகினால், திருகு அசையாது, அதன் தலை மட்டும் வழித்த கிண்ணம் போலாகிவிடும்.

இரண்டாவது, இயந்திரத்தின் சக்தி சக்கரங்களுக்குப் போகும் வழி. நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிகள் 1980-களின் மத்தியில் பெருகியபோது, ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மார்க்கத்தைப் பின்பற்றிற்று. கியோஷோ நிறுவனத்தின் ஆப்டிமா 1985-இல் வந்தபோது சைக்கிளைப் போல ஒரு சிறிய சங்கிலியால் முன்னச்சை இழுத்தது. அதே ஆண்டு டாமியா வெளியிட்ட ஹாட்ஷாட் ஒரு நீண்ட தண்டைச் சுழற்றிற்று. இங்கிலாந்தில் நார்தாம்ப்டனைச் சேர்ந்த ஸெஸில் ஷூமாக்கரின் கேட் என்ற வண்டியோ ரப்பர் பெல்டுகளை நம்பிற்று. அடிப்பாகத்தைப் பார்த்ததும் சங்கிலியா, தண்டா, பெல்டா என்று தெரிந்துகொண்டவன் பாதி வம்சத்தைத் தெரிந்துகொண்டவனாகிறான். இந்த மூன்றில் பெல்டின் திறமைக்கு 1987-இல் இங்கிலாந்தின் ராம்ஸியில் நடந்த உலகப் பந்தயமே சாட்சி. அங்கே ஜப்பானிய இளைஞர் மஸாமி ஹிரோஸாகா, தம் நாட்டு வண்டி எதையும் கொள்ளாமல், ஷூமாக்கரின் கேட்டை ஓட்டி நான்கு சக்கரப் பிரிவில் வெற்றி பெற்றார். பின்னாளில் பதினான்கு உலகப் பட்டங்களைப் பெற்ற அவருக்கு அதுவே முதற்பட்டம்.

மூன்றாவது லட்சணம்தான் மிகுந்த பேரை ஏமாற்றுவது. பிளாஸ்டிக் உறுப்பின் உட்புறத்தில் நிறுவனத்தின் பெயரும் ஓர் ஆண்டும் சிறிய எழுத்தில் வார்க்கப்பட்டிருக்கும். 1984 என்று அதில் கண்டவுடனே அந்த வண்டி 1984-இல் பிறந்தது என்று ஆனந்தப்படுகிறவர்கள் பலர். அந்த ஆண்டு அச்சு வெட்டப்பட்ட ஆண்டேயன்றி, உறுப்பு வார்க்கப்பட்ட ஆண்டு அல்ல. ஒரே அச்சிலிருந்து இருபது வருஷம் கழித்தும் வார்க்கலாம், வார்த்தும் இருக்கிறார்கள். டாமியாவின் ஹார்னெட் 1984-இல் 58045 என்ற எண்ணுடன் வந்தது. 2004-இல் மறுபடி வந்தபோது பெட்டியின் எண் 58336. ஸாண்ட் ஸ்கார்ச்சர் 2010-இல் திரும்பியபோது 58452. பெட்டியும் கையேடும் போய்விட்ட வண்டியில் இந்த எண்ணைத் தேட முடியாது; ஆகவே ஒட்டுப்படங்களைப் பார்க்கவேண்டும். எண்பதுகளில் பந்தயக் கார்களில் காணப்பட்ட டயர், எண்ணெய், ஸ்பார்க் பிளக் நிறுவனங்களின் பெயர்களை அப்படியே அச்சிட்டுவிட்டார்கள். மறு வெளியீடுகளில் அந்த உரிமைகள் இல்லாத இடங்களில் வேறு பெயர்களோ, பெயரற்ற கோலங்களோ இடம்பெற்றன. ஒட்டுப்படத்தையும் இப்போது தனியே அச்சிட்டு விற்கிறார்களே என்று கேட்டால், ஆம், விற்கிறார்கள். இந்த வித்தையில் எந்த ஒரு சாட்சியும் தனித்து நின்று தீர்ப்பளிக்காது.

உடன்பிறந்தவர்களைப் பிரித்தறிவதும் ஒரு சிரமம். ஹார்னெட்டும் அதற்குச் சற்று முன்னே பிறந்த கிராஸ்ஹாப்பரும் ஒரே தொட்டி வடிவ அடித்தளத்தைக் கொண்டவை. கிராஸ்ஹாப்பருக்கு 380 என்ற சிறிய மோட்டார், கெட்டியான பிளாஸ்டிக் மேல்மூடி. ஹார்னெட்டுக்கு 540 என்ற பெரிய மோட்டார், வளைந்து கொடுக்கும் மெல்லிய பாலிகார்பனேட் மேல்மூடி. கிராஸ்ஹாப்பர் வாங்கிய பையனெவனும் கையில் காசு சேர்ந்ததும் முதலில் செய்த காரியம் 540 மோட்டாரை அதில் மாட்டியதுதான் என்பதால், மோட்டாரை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தால் அண்ணனைத் தம்பி என்று அழைக்க நேரும்.

தங்கத் தட்டு

இத்தனை வண்டிகளிலும் அடியேனுக்கு மிகுந்த மரியாதை ஒன்றின்மேல்தான். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் அஸோஸியேட்டட் எலெக்ட்ரிக்ஸ் நிறுவனத்தை நடத்திவந்த ராஜர் கர்ட்டிஸ் வடிவமைத்து 1984-இல் வெளிவந்த ஆர்.ஸி.10 என்ற வண்டி அது. அதுவரை மண்ணில் ஓடிய வண்டிகள் நிஜக் கார்களைப் போலத் தோன்றவேண்டும் என்ற ஆசையும், வேகமாக ஓடவேண்டும் என்ற ஆசையும் கலந்து பிறந்தவை, ஆர்.ஸி.10 முதல் ஆசையை அறவே துறந்து, பந்தயம் ஒன்றையே குறியாகக் கொண்டு, விமானத்துக்கு ஏற்ற தரமான அலுமினியத் தகட்டைத் தொட்டியாக வளைத்து, அதற்குப் பொன் நிறமூட்டி, நான்கு சக்கரங்களுக்கும் எண்ணெய் நிரம்பிய ஷாக் அப்சார்பர் வைத்து வந்தது. 1985-இல் கலிபோர்னியாவின் டெல் மாரில் நடந்த முதல் மண்தரை உலகப் பந்தயத்தில் ஜே ஹால்ஸி இதை ஓட்டியே இரு சக்கரப் பிரிவில் பட்டம் பெற்றார்.

இந்த வண்டியின் வயதை அறிவது ஒரு தனி வித்தை. ஆதி வண்டிகளின் தட்டில் ஒற்றை ஆங்கில எழுத்து ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். ‘ஏ’ என்ற எழுத்துள்ள தட்டு கிடைத்தால் சேகரிப்பாளர்கள் தங்கப் புதையல் கிடைத்தாற்போல் நடந்துகொள்வார்கள். ஆரம்பத்தில் வந்த கியர்ப்பெட்டியில் ஆறு கியர்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த ஸ்டெல்த் என்ற பெட்டியில் மூன்றே. பழைய தட்டின்மேல் புதிய கியர்ப்பெட்டி அமர்ந்திருந்தால் அது குற்றமும் அன்று, போலியும் அன்று. பந்தயத்தில் தோற்க விரும்பாத ஒருவன் அந்த வண்டியை ஆறேழு வருஷம் விடாமல் ஓட்டினான் என்பதற்கு அது அத்தாட்சி.

அந்தப் பொன் நிறம் பூச்சு அன்று. மின்சாரத்தால் அலுமினியத்தின் மேற்பரப்பிலேயே ஒரு கடினமான படலத்தை வளர்த்து, அந்தப் படலத்தில் சாயம் ஏற்றி அடைத்து விடுவார்கள். மண்ணிலும் கல்லிலும் உராயும்போது, வண்டியின் அடிவயிற்றில் பொன் தேய்ந்து வெள்ளி தெரியும். இதைப் புதுப்பித்துத் தரும் பட்டறைகள் பல உண்டு. தட்டைக் காரத்தில் முக்கிப் பழைய படலத்தை அரித்து எடுத்து, தேய்த்து மெருகேற்றி, மறுபடி பொன்னாக்கித் தருகிறார்கள்; கண்ணைப் பறிக்கும் அழகுதான். ஆனால் அரிக்கும் காரம் படலத்தோடு நிற்பதில்லை; உலோகத்தையும் சற்றே உண்ணுகிறது; விளிம்புகள் மழுங்குகின்றன; பொறித்த எழுத்து ஆழம் குறைகிறது; கீறல்கள் மறைகின்றன. நம் ஊர்களில் திருப்பணி என்ற பெயரால் கோயிற் சுவர்களில் மணலை வேகமாக வீசிச் சுத்தம் செய்து, கல்வெட்டு எழுத்துக்களைக் கல்லோடு கல்லாக்கிவிட்ட அநியாயத்தைக் கண்டு மனம் நொந்தவர்களுக்கு இதை விரித்துச் சொல்லவேண்டியதில்லை. எழுத்துள்ள தட்டைக் காரத்தில் முக்கலாகாது என்பது என் கட்சி; ஓட்டுவதற்கென்றே வைத்திருக்கும், ஓட்டைகள் பல போட்டுக் கெடுத்த தட்டானால் தாராளமாக முக்கலாம்.

பிரித்தலும் சேர்த்தலும்

ஜீர்ணோத்தாரணத்தின் முதற்படி பொறுமை. இரண்டாவது படி புகைப்படம். எந்தத் திருகையும் தொடுமுன் நாற்புறமும் படம் எடுத்துக்கொண்டு, கழற்றிய உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே சிறு கிண்ணங்களில் இட்டுவைக்காமல், ஞாபகசக்தியை நம்பிப் பிரித்தவர்கள், கடைசியில் மூன்று வளையங்கள் கையில் மிஞ்ச, எதிலிருந்து வந்தவை என்று தெரியாமல் விழிப்பதைக் கண்டிருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

பிளாஸ்டிக் என்று நாம் ஒரே சொல்லால் சொல்லுவது ஒரே பொருள் அன்று. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வியாதி, ஒவ்வொரு சிகிச்சை. தொட்டிக்கும் கெட்டி மூடிகளுக்கும் ஆகும் ஏ.பி.எஸ். வெயிலில் மஞ்சளிக்கும், அதை ஹைட்ரஜன் பெராக்ஸைடு தடவிப் புற ஊதா ஒளியில் வைத்தால் வெண்மை ஓரளவு திரும்பும். சக்கரங்களுக்கும் முன்கைகளுக்கும் ஆகும் நைலான் தன்னுள் ஈரம் இருக்கும்வரைதான் வலுவாயிருக்கும். பல்லாண்டுகள் வறண்ட இடத்தில் கிடந்த நைலான், ஒரு சிறு மோதலில் பொரித்த அப்பளம் போல் நொறுங்கும். அதைச் சிறிது நேரம் கொதிநீரில் வேகவைத்து எடுத்தால், இழந்த ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு மறுபடி வளைந்து கொடுக்கிறது. சமையலறை அடுப்பில் காரின் சக்கரங்களை வேகவைப்பதை வீட்டிலுள்ளவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

பாலிகார்பனேட்டின் விஷயம் மிகச் சூட்சுமமானது. கண்ணாடி போன்ற அந்த மெல்லிய மூடிக்கு வர்ணத்தை வெளியே பூசுவதில்லை, உள்ளே பூசுவார்கள். முதலில் கோடுகளையும் எழுத்துக்களையும், பிறகு பின்னணியையும் என்று, நாம் படம் வரையும் முறைக்கு நேர் தலைகீழாகப் பூசவேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்தில் கண்ணாடியின் பின்புறத்தில் சித்திரம் எழுதினவர்களுக்கு இந்த வழி நன்கு பழக்கமானது. உள்ளே இருப்பதால் வர்ணம் வெளிக் கீறலுக்குத் தப்பிவிடும். அதனால்தான் நாற்பதாண்டு ஓடிய மூடியிலும் நிறம் பளிச்சென்று இருக்கிறது. தப்பான வர்ணம் பூசப்பட்ட ஒரு ஹார்னெட் மூடி என்னிடம் வந்தபோது, அதை நீக்கிவிட்டு அசலைப்போலப் பூசலாம் என்று கருதி, அவசரத்தில் அசிடோன் தோய்த்த துணியால் உட்புறத்தைத் துடைத்தேன். ஐந்தாறு நிமிஷத்துக்குள் கண்ணாடி பால் போல் வெளுத்து, ஓரத்திலிருந்து விரிசல்கள் மின்னல்கொடி போல் உள்ளே ஓடின. அசிடோனும் பெட்ரோலும் பாலிகார்பனேட்டுக்குக் கொடிய விஷம். ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து, பொறுமையாய், சில நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து எடுத்திருக்க வேண்டும். அந்த மூடியை நான் எறியவில்லை. மேசைக்கு எதிரே ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

டயர்களுக்கு மருந்தில்லை. ரப்பர் இறுகி வெடித்துவிட்டால் வெடித்ததுதான். புதியவற்றைச் சக்கரத்தில் மாட்டி, பழையவற்றைப் பையிலிட்டுப் பெட்டியில் வைப்பதே உத்தமம். ஷாக் அப்சார்பரின் ரப்பர் வளையங்களை மாற்றி சிலிக்கான் எண்ணெய் ஊற்றுவதும், கியர்ப்பெட்டியில் மெழுகு போல் உறைந்த பழைய கிரீஸை வழித்துப் புதியது இடுவதும், பிளாஸ்டிக் புஷ்களுக்குப் பதிலாகப் பால் பேரிங் வைப்பதும் யாரும் ஆட்சேபியாத காரியங்கள். வார்ப்பு அலுமினிய உறுப்புகளைக் கண்ணாடி போல் மெருகேற்றுவதை மட்டும் நான் ஆட்சேபிக்கிறேன். ஸாண்ட் ஸ்கார்ச்சரின் முன்னச்சு பிறக்கும்போதே வார்ப்புக்குரிய மங்கலோடு பிறந்தது, அதற்கு வெள்ளித் தாம்பாளத்தின் பளபளப்பு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஆனால் என் ஆசைக்கெல்லாம் உரியது வேறு ஓர் உறுப்பு. இன்றைய வண்டிகளில் வேகத்தை ஒரு சிறு மின்னணுப் பெட்டி ஆளுகிறது. எண்பதுகளில் அந்த வேலையைச் செய்தது, செப்புத் தடங்கள் பதித்த ஒரு பலகையும், அதன்மேல் உராய்ந்து நகரும் ஒரு கையும், வெள்ளைப் பீங்கான் போன்ற மின்தடைகளுமே. ரேடியோவின் கட்டளை கேட்டுச் சிறிய சர்வோ மோட்டார் அந்தக் கையைத் தள்ளும். முதற்படியில் மின்சாரத்தின் பெரும்பங்கு தடையில் வெப்பமாய் விரயமாகும். கடைசிப்படியில் தடை விலகி முழு வலிமையும் மோட்டாருக்குப் போகும். மெல்ல ஓட்டினால் வண்டிக்குள் அடுப்பு எரியும், வேகமாய் ஓட்டினால் குளிரும் என்ற இந்த விநோத தர்மம்தான் அக்காலத்துப் பையன்களையெல்லாம் அதிவேகக்காரர்களாக்கிற்றோ என்னவோ! செப்பில் கரி பிடித்துத் தொடுகை அறுந்துபோன பலகையை, மிக நுண்ணிய உப்புத்தாளால் இரண்டே இழுப்பு இழுத்து, மின்தொடுகைக்கான கிரீஸ் ஒரு பொட்டு வைத்து மூடினால் பெரும்பாலும் பிழைத்துவிடும். இதை எடுத்தெறிந்துவிட்டு மின்னணுப் பெட்டியை வைப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எடுத்ததை எறியாமலிருந்தால் போதும். ஒன்று மட்டும் ஜாக்கிரதை: இந்தப் பழைய பலகையோடு இக்காலத்து லித்தியம் பாட்டரியை இணைத்தால், மின்னழுத்தம் அபாய எல்லைக்குக் கீழே இறங்கும்போது நிறுத்திவிடும் காவல் எதுவும் அதில் இல்லை; பாட்டரி கெடும், சில சமயம் தீயும் பற்றும். ஆறு செல்கள் சேர்ந்து 7.2 வோல்ட் தரும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பாட்டரியே இவற்றுக்குப் பொருத்தம்.

பழைய ரேடியோவைப் பற்றியும் ஒரு சொல். 27 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் முக்கியமானவை ஆறு அலைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். 26.995 பழுப்பு, 27.045 சிவப்பு, 27.095 ஆரஞ்சு, 27.145 மஞ்சள், 27.195 பச்சை, 27.255 நீலம். அலையைத் தீர்மானிப்பது கழற்றி மாட்டக்கூடிய ஒரு சிறிய ஸ்படிகம். ஏரியலின் நுனியில் அந்த நிறத்துக் கொடியைக் கட்டிக்கொண்டுதான் பந்தயத் தரைக்கு வரவேண்டும். ஒரே நிறத்தார் இருவர் ஏககாலத்தில் விசையை முடுக்கினால், ஒருவன் வண்டி மற்றவன் சொல் கேட்டுச் சுவரில் போய் மோதும். இதைத் தவிர்க்கவே பந்தயங்களில் ரேடியோக்களை மேசைமேல் ஒப்படைத்துவிட்டு, முறை வரும்போது வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் இந்தச் சண்டைகள் இல்லை. பழைய ரேடியோவின் கூட்டுக்குள்ளேயே புதிய உறுப்புகளை ஒளித்துவைக்கும் சாமர்த்தியசாலிகளும் இருக்கிறார்கள். அவர்கள் வேலையில் எனக்குப் பரம திருப்தி, ஏனெனில் கை பிடிப்பது பழையதாகவே இருக்கிறது.

மறுவெளியீடுகளைப் பற்றிச் சேகரிப்பாளர்கள் இரு கட்சியாயிருக்கிறார்கள். டாமியா ஹாட்ஷாட்டை 2007-லும், ரஃப் ரைடரைப் ‘பக்கி சேம்ப்’ என்ற பெயரில் 2009-லும், அஸோஸியேட்டட் ஆர்.ஸி.10-ஐ 2013-லும், கியோஷோ ஆப்டிமாவை 2016-லும் மறுபடி வெளியிட்டபோது, பழையவற்றின் மதிப்புக் குறைந்ததென்று புலம்பியவர்கள் ஒரு கட்சி. கிடைக்காத உறுப்புகள் கிடைத்தனவென்று மகிழ்ந்தவர்கள் மற்றொரு கட்சி. நான் இரண்டாவது கட்சியைச் சேர்ந்தவன். புதிய முன்கை ஒன்று கிடைப்பதால் ஒரு பழைய வண்டி மறுபடி ஓடுமானால், அந்த முன்கையைப் போடவேண்டியதுதான். போட்டதைப் போட்டதாகச் சொல்லவேண்டும். விற்கும்போது எழுதிக் கொடுக்கவேண்டும். கழற்றிய உடைந்த கையையும் கூடவே கொடுக்கவேண்டும். இந்த மூன்றையும் செய்யாமல் 2010-இல் வார்த்த உறுப்புகளால் ஆன வண்டியை 1979 என்று சொல்லி விற்பவன் செய்வது வியாபாரம் அன்று, மோசடி.

கடைசியாக வாசகர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டுப் பரணிலோ, அலமாரியின் அடித்தட்டிலோ, உங்கள் பிள்ளைகளோ தம்பியோ ஒருகாலத்தில் ஓட்டிய இப்படியொரு வண்டி கிடக்குமானால், அதைத் துடைக்கவேண்டாம், மெருகேற்றவேண்டாம், யாரிடமும் விலை கேட்கவும் வேண்டாம். முதலில் அதைக் கையில் பிடித்து இயக்கும் ரேடியோப் பெட்டியின் பின்மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே எட்டுச் சிறிய செல்கள் இருக்கலாம். அவற்றின் வாயில் வெண்பொடி பூத்திருக்கலாம். அந்தக் காரம் ஸ்பிரிங்குகளை உண்டுவிட்டுப் பலகைக்குள் ஏறிவிட்டால் பிறகு ரேடியோவைப் பிழைப்பிக்க முடியாது. கையுறை போட்டுக்கொண்டு செல்களை எடுத்துவிடுங்கள். பஞ்சில் சிறிது வினிகரைத் தொட்டு முனைகளைத் துடைத்து, பிறகு ஈரத் துணியால் ஒற்றி, மூடியைத் திறந்தபடியே உலரவிடுங்கள். வண்டிக்குள் பழைய நிக்கல் காட்மியம் பாட்டரி இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். காட்மியம் நஞ்சு, குப்பையில் போடக்கூடாது, பழைய பாட்டரிகளை முறைப்படி வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடவேண்டும். மற்ற வேலைகளுக்கெல்லாம் அவசரமில்லை.